எண்ணெய் எஞ்சினில் பலம் குன்றுதல்: காரணங்களும் கண்டறியும் முறையும்

கவலை கட்டி நீர் இறைத்த காலத்தில், மாடு களைத்துவிட்டதா என்று எவரையும் கேட்டறிய வேண்டியதில்லை. அதன் நடை தளரும்; வாயில் நுரை தள்ளும்; சால் மேலேறத் தாமதிக்கும். எண்ணெய் எஞ்சினும் தன் தளர்ச்சியை இவ்வாறே வெளிப்படுத்துகிறது. ஓசையாலும், புகையாலும், வேகத்தாலும் அது காட்டும் குறிகளை அறிந்தவர் பெரும்பாலான குறைகளைத் தாமே கண்டுபிடித்துச் சொற்பச் செலவில் நீக்கிக்கொள்ளலாம். அறியாதவரோ, எஞ்சினுக்குப் பலம் போய்விட்டதென்று எண்ணிய மாத்திரத்தில் அதைப் பிரித்துப் போட்டு, தேயாத பிஸ்டன் வளையங்களையும் மாற்றி, முடிவில் காற்று வடிகட்டியில் அடைந்த தூசியே காரணமென்று காண நேரிடும்.

சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சினால் பம்பை ஓட்டிக் கிணற்று நீரை இறைக்கும் முறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் போன்றோரின் முயற்சியால் பரவத் தொடங்கிற்று. இன்று எண்ணிறந்த கிணறுகளில் மின்சார மோட்டார் அமைந்துவிட்டதாயினும், மின்கம்பி எட்டாத தோட்டங்களிலும், ஆற்றோரங்களிலும், வாய்க்கால் கரைகளிலும் டீசல் எஞ்சினே வேலை செய்கிறது. ஒற்றைச் சிலிண்டருள்ள 5 குதிரைச் சக்தி நீரிறைப்பு எஞ்சினை உதாரணமாகக் கொண்டு, பலம் குன்றும் காரணங்களை எந்த வரிசையில் தேடவேண்டுமென்பதை இவ்வியாசத்தில் விளக்குவோம். ஒரே விதியை மனத்தில் கொண்டால் போதும். செலவில்லாத சோதனை முதலில். எஞ்சினைத் திறப்பது கடைசியில்.

தாமதத்தால் நேரும் நஷ்டம்

ஒரு ஏக்கர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் உயரம் நீர் பாய்ச்சுவதற்கு ஏறத்தாழ 2,00,000 லிட்டர் நீர் வேண்டும். வினாடிக்கு 6 லிட்டர் தரும் பம்பு இதைச் சுமார் 9¼ மணி நேரத்தில் இறைத்துவிடும். அதே பம்பு வினாடிக்கு 4 லிட்டரே தருமாயின் ஏறக்குறைய 14 மணி நேரம் ஆகும். அதிகப்படியான நேரம் முழுவதும் எஞ்சின் எண்ணெய் குடித்துக்கொண்டேயிருக்கும். நெற்பயிர் கதிர்விடும் பருவத்தில் நீர் தாமதித்தால் மணிகள் பதராகிவிடும். பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினாலும் அந்நஷ்டம் ஈடாகாது. ஆகையால் எஞ்சினின் பலக்குறைவைச் சிறு தொந்தரவாகக் கருதி நாளைக் கடத்தலாகாது.

1. குறை எஞ்சினிலா, பம்பிலா?

வாய்க்காலில் நீர் குறைந்தவுடன் எஞ்சினையே குற்றஞ்சாட்டுவது பொதுவழக்கம். முதலில் 200 லிட்டர் கொள்ளும் பீப்பாய் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து, அது எத்தனை வினாடியில் நிரம்புகிறதென்று பார்க்கவேண்டியது. வினாடிக்கு 6 லிட்டர் தரும் பம்பானால் சுமார் 33 வினாடியில் நிரம்பும். 50 வினாடி ஆயின், மூன்றிலொரு பங்கு நீர் குறைந்துவிட்டதென்பது திண்ணம்.

அடுத்தபடி எஞ்சினின் வேகத்தைக் கவனிக்கவேண்டும். சுழற்சி எண்ணும் கருவி சிறு விலைக்குக் கிடைக்கும். எஞ்சின் தன் தகட்டில் குறித்துள்ள வேகத்தோடு, திணறாமலும் கரும்புகை விடாமலும் ஓடியும் நீர் குறைவாயிருந்தால் குறை எஞ்சினில் இல்லை. உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் காற்றுப் புகுதல், புட்வால்வில் குப்பை அடைதல், கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்குதல் ஆகியவற்றில் ஒன்றே காரணமாகும். தரைமேலுள்ள பம்பு நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டர் ஆழத்துக்கு மேல் நீரை உறிஞ்ச இயலாது என்பதை மறக்கலாகாது.

எஞ்சின் சரியான வேகத்தில் ஓட, பம்பு மட்டும் மெதுவாகச் சுழன்றால் பெல்ட் வழுக்குகிறதென்று அறியலாம். அப்பொழுது பெல்ட் சூடேறிக் கருகல் நாற்றம் வீசும். எஞ்சினை நிறுத்தியபின், பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பம்பின் அச்சைக் கையால் சுற்றிப் பார்க்கவேண்டியது. அது இறுகியிருந்தால் பேரிங் கெட்டிருக்கும், அல்லது நீர் கசியாமலிருக்க அச்சைச் சுற்றி அடைத்துள்ள கயிற்றுப் பொதி மிகையாக இறுக்கப்பட்டிருக்கும். இப்பொதியினின்று துளித்துளியாக நீர் சொட்டுவதே முறை. ஒரு சொட்டும் வராதபடி இறுக்கினால் எஞ்சினின் பலம் அங்கேயே வீணாகும்.

இன்னொரு தவற்றையும் இங்கே குறிப்பிடவேண்டும். நீர் அதிகம் வருமென்று கருதிச் சிலர் பம்பில் சிறிய கப்பியை மாட்டி அதன் வேகத்தைக் கூட்டுகிறார்கள். மையவிலக்குப் பம்பின் வேகம் பத்திலொரு பங்கு கூடினால் அதற்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடிவிடும். எஞ்சின் பழுதில்லாதிருந்தும் பாரம் தாங்காது திணறும். மாடு நோஞ்சானல்ல, வண்டியில் ஏற்றிய மூட்டைகளே அதிகம்.

2. எஞ்சின் பலம் பெறும் விதம்

மேற்கண்டவை யாவும் சரியாயிருந்து, பாரம் ஏறியவுடன் எஞ்சின் வேகம் தளருமானால் குறை எஞ்சினில்தான் இருக்கிறது. டீசல் எஞ்சினில் பொறி தட்டும் பிளக்கு கிடையாது. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. மேலேறும்போது அக்காற்றைப் பதினாறு முதல் இருபதில் ஒரு பங்கு இடத்தில் அமுக்குகிறது. அவ்வாறு அமுக்கப்பட்ட காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறிவிடுகிறது. அந்தச் சூட்டில் நாசில் வழியே எண்ணெய் மிக நுண்ணிய தூவலாகப் பீச்சப்பட்டுத் தானே பற்றி எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மீண்டும் பிஸ்டன் மேலேறுகையில் எரிந்த வாயு வெளியேறுகிறது.

ஆகவே பலத்துக்கு வேண்டியவை மூன்று: போதிய காற்று, தக்க நேரத்தில் தக்க அளவான எண்ணெய், கசியாத அமுக்கம். இம்மூன்றில் எது குறைந்தாலும் பலம் குன்றும். எது குறைந்ததென்பதைப் பெரும்பாலும் புகையே தெரிவித்துவிடும்.

3. புகை காட்டும் குறிகள்

எஞ்சினைக் கால்மணி நேரம் ஓட்டிச் சூடேற்றியபின், பாரத்தோடு ஓடும்போது புகையைப் பார்க்கவேண்டியது. பாரமின்றி ஓடும் எஞ்சினைப் பார்த்து யாதொரு முடிவுக்கும் வரலாகாது. பலங்குன்றிய எஞ்சினும் பெல்ட் இல்லாதபோது நன்றாகவே ஓடும்.

கரும்புகை: காற்றுக்கு மிஞ்சிய எண்ணெய் உள்ளே செல்கிறது. காற்று வடிகட்டி அடைபட்டிருக்கும்; அல்லது பாரம் அதிகம்; அல்லது நாசில் தூவாமல் ஒழுகுகிறது.

வெண்புகை: எண்ணெய் எரியாமலே ஆவியாக வெளியேறுகிறது. அமுக்கம் குறைவு, எண்ணெயில் நீர்க்கலப்பு, பீச்சும் நேரம் பிந்துதல் ஆகியன காரணங்களாகலாம். குளிர்ந்த காலையில் புறப்படும்போது சற்று நேரம் தோன்றி மறையும் வெண்புகை குறையன்று.

நீலப்புகை: மசகெண்ணெய் சிலிண்டருக்குள் ஏறி எரிகிறது. வளையங்களோ, சிலிண்டரோ, வால்வு வழிகாட்டிகளோ தேய்ந்திருக்கும். மசகெண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இவ்வாறு நேரிடலாம்.

புகையே இல்லாமல் பலம் மட்டும் குறைதல்: எஞ்சினுக்குப் போதிய எண்ணெய் சேரவில்லை. அது பட்டினி கிடக்கிறதென்று கொள்ளவேண்டும்.

4. காற்று

கரும்புகை கண்டால் முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கவேண்டியது. புழுதி மிகுந்த கோடையிலும், களத்தருகே வைத்து ஓட்டும்போதும் இது சில நாட்களிலேயே அடைபட்டுவிடும். எண்ணெய்த் தொட்டியுள்ள வடிகட்டியானால், பழைய எண்ணெயையும் சேற்றையும் கொட்டி, வலையை டீசலில் அலசி உலர்த்தி, குறியிட்ட அளவுக்குப் புதிய எண்ணெய் ஊற்றவேண்டும். காகித வடிகட்டியை அலசலாகாது. தட்டித் தூசி போக்கலாம், அதிகம் கறுத்திருந்தால் மாற்றிவிடவேண்டும். வடிகட்டியில்லாமல் எஞ்சினை ஓட்டுவது பெருந்தவறு. நுண்மணல் உள்ளே புகுந்து சிலிண்டரை அரம்போல் அராவிவிடும்.

காற்று உள்ளே வருவது எவ்வளவு அவசியமோ, எரிந்த வாயு வெளியேறுவதும் அவ்வளவு அவசியம். பல ஆண்டுகள் ஓடிய எஞ்சினின் சைலன்சரில் கரி படிந்து துவாரம் சிறுத்திருக்கும். பல மாதம் சும்மா கிடந்த எஞ்சினின் குழாய்களில் மண்குளவி கூடு கட்டியிருப்பதும் உண்டு. ஆகையால் எஞ்சினை நிறுத்திவைக்கும் காலத்தில் புகைக்குழாயின் வாயை மூடிவைப்பதும், ஓட்டுமுன் திறப்பதும் நலம்.

மலைப்பிரதேசத்தாருக்கு ஒரு வார்த்தை. உயரம் ஏற ஏறக் காற்று நெகிழ்கிறது. 100 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ நூற்றிலொரு பங்கு பலம் குறையும். சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகமண்டலத்தில், சமவெளியில் 5 குதிரைச் சக்தி தரும் எஞ்சின் ஏறக்குறைய 4 குதிரைச் சக்தியே தரும். இது பழுதன்று, எஞ்சின் வாங்கும்போதே கணக்கிட்டுக்கொள்ளவேண்டிய விஷயம்.

5. எண்ணெய்

புகையின்றிப் பலம் குறைந்தால் எண்ணெய் வரும் வழியைத் தொட்டியிலிருந்து ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்க்கவேண்டியது.

தொட்டியின் மூடியில் காற்று புகுவதற்கென்று ஒரு நுண்துவாரம் உண்டு. அது தூசியால் அடைபட்டால், எஞ்சின் அரைமணியோ ஒரு மணியோ நன்றாக ஓடிப் பின் தளர்ந்து நின்றுவிடும். மூடியைத் திறந்துவிட்டு ஓட்டினால் மறுபடியும் ஓடும். இதை அறியாமல் எண்ணெய்ப் பம்பையே மாற்றியவர்களும் இருக்கக்கூடும். ஓர் ஊசியால் தீரும் குறை இது.

பின்னர் தொட்டியின் அடியில் தங்கிய நீரையும் கசடையும் வடித்துவிட்டு, எண்ணெய் வடிகட்டியைப் பார்க்கவேண்டும். இதனுள்ளிருக்கும் காகிதமோ துணியோ அடைபட்டிருந்தால், அதை மாற்றுவதே சிறந்தது. வடிகட்டியைத் திறந்தபின் குழாய்களில் காற்று புகுந்திருக்கும். வடிகட்டியிலும் எண்ணெய்ப் பம்பிலும் உள்ள காற்றுத் திருகுகளை வரிசையாகத் தளர்த்தி, குமிழியின்றி எண்ணெய் வழியும்வரை விட்டு, மீண்டும் முடுக்கவேண்டியது. எண்ணெயின் அளவை ஆளும் கவர்னரின் கம்பி தளர்ந்திருக்கிறதா, நிறுத்தும் கைப்பிடி முழுவதும் பின்னே திரும்பியிருக்கிறதா என்றும் கவனிக்கவேண்டும்.

மண்ணெண்ணெய் கலந்த டீசல் மலிவாகத் தோன்றலாம். அதன் வழவழப்புக் குறைவால் எண்ணெய்ப் பம்பும் நாசிலும் விரைவில் தேய்ந்துவிடும். மிச்சம் பிடித்த பணம் இரட்டிப்பாகச் செலவாகும்.

நாசில் மீது சந்தேகம் தோன்றினால், அதைக் கழற்றிச் சோதனைக் கருவியுள்ள பட்டறைக்கு அனுப்பவேண்டியது. நல்ல நாசில் புகைபோன்ற தூவலைத் தரும். கெட்ட நாசில் தாரையாகப் பீச்சும், அல்லது சொட்டும். அதன் நுண்துவாரத்தை இரும்புக் கம்பியால் குத்தலாகாது, துவாரம் பெருத்துவிடும். பீச்சும் நேரத்தைத் திருத்துவதும் தேர்ந்த மெக்கானிக்கின் வேலையே.

6. அமுக்கம்

காற்றும் எண்ணெயும் சரியாயிருந்தும் பலம் வராமலும், எஞ்சின் புறப்படுவதே கடினமாகவும் இருந்தால் அமுக்கத்தைச் சோதிக்கவேண்டும். எஞ்சினை ஓட்டாமல், எண்ணெயை அடைத்துவிட்டு, அமுக்கத்தை விடுவிக்கும் கைப்பிடியை அதன் நிலையிலேயே விட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பவேண்டியது. அமுக்க வீச்சு வந்ததும் சக்கரம் பலமாக எதிர்க்க வேண்டும். எதிர்ப்பின்றி நழுவினால் காற்று எங்கேயோ கசிகிறது. காதைக் கொடுத்துக் கேட்டால் எங்கேயென்று தெரியும். காற்று வடிகட்டிப் பக்கம் சீறல் கேட்டால் உறிஞ்சு வால்வு. புகைக்குழாயில் கேட்டால் வெளியேற்று வால்வு. மசகெண்ணெய் ஊற்றும் துவாரத்தில் கேட்டால் வளையங்கள். குளிர்நீரில் குமிழி எழுந்தால் சிலிண்டர் தலையின் காஸ்கெட்டு.

வால்வில் கசிவென்றவுடன் சிலிண்டர் தலையைக் கழற்றிவிடலாகாது. முதலில் வால்வின் முனைக்கும் ராக்கருக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கவேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில், இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில், தயாரிப்பாளரின் புத்தகத்தில் கண்ட கனமுள்ள தகட்டை அதில் நுழைத்துப் பார்க்கவேண்டியது. இடைவெளி அற்றுப்போயிருந்தால் வால்வு முழுவதும் மூடாது. ஒரு திருகைச் சரிசெய்வதாலேயே பலம் திரும்பிவிடும். அப்படியும் கசிந்தால் வால்வைத் தேய்த்துப் பொருத்தவேண்டும்.

வளையத்தின் மீது ஐயமிருந்தால், உறிஞ்சும் வழியாக ஒரு தேக்கரண்டி மசகெண்ணெயை மட்டும் சிலிண்டருக்குள் விட்டுக் கையால் சில சுற்றுக்கள் திருப்பிப் பார்க்கலாம். எதிர்ப்பு உடனே கூடினால் வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் குறை வால்வில் இருக்கிறது. அதிகமாக எண்ணெய் விடுவது அபாயம். எண்ணெய் காற்றைப்போல் அமுங்காதாகையால், பிஸ்டன் தண்டு வளைந்துவிடும்.

7. குளிர்ச்சி

ஓடத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் பலம் தளர்ந்து, எஞ்சின் அனலாகக் கொதித்தால் குளிர்நீர் வழியைப் பார்க்கவேண்டியது. உப்பு நீர்க் கிணறுகளில் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீரறையில் சுண்ணாம்புப் படலம் படிந்து சூடு வெளியேறாமல் தடுத்துவிடும். காற்றால் குளிரும் எஞ்சினானால், மேலுள்ள தகடுகளுக்கிடையே அடைந்த தூசியையும் வைக்கோலையும் நீக்கவேண்டும். இதற்கு மாறாக, கிணற்றின் குளிர்ந்த நீரை அளவின்றி எஞ்சினுக்குள் பாய்ச்சுவதும் தவறு. சிலிண்டர் தக்க சூடு பெறாமல் எண்ணெய் அரைகுறையாக எரியும், செலவு கூடும். வெளியேறும் நீர், கையை நெடுநேரம் வைக்கமுடியாத சூட்டில், சுமார் 60 முதல் 70 டிகிரி வரை இருப்பது ஏற்றது.

8. உயிர்க்கு அபாயமானவை

நீர்மட்டம் இறங்கியதென்று எஞ்சினைக் கிணற்றுக்குள் மேடையமைத்து இறக்கி ஓட்டுவது கொடிய அபாயம். எரிந்த வாயுவிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது கிணற்றிலும் பூட்டிய கொட்டகையிலும் தேங்கி, மயக்கம் தோன்றுமுன்னரே ஆளை வீழ்த்திவிடும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் இதற்கு உதவாது; இந்த வாயு இருக்கும் இடத்திலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். ஒருவர் உள்ளே விழுந்தால், அவரைத் தூக்க மற்றொருவர் உடனே இறங்கி அவரும் மாள்வதே இவ்விபத்துக்களின் இயல்பு. கிராம அதிகாரிகள் தங்கள் எல்லையில் இவ்விதம் எஞ்சின் ஓட்டப்படுவதைக் கண்டால் தயங்காது தடுக்கவேண்டும்.

நாசிலின் தூவலுக்கு நேரே கையைக் காட்டலாகாது. அதன் அழுத்தம் தோலைத் துளைத்து எண்ணெயை உடம்பினுள் செலுத்திவிடும். காயம் சிறிதாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டருகே வேட்டியும் மேல்துண்டும் தொங்கவிடாதிருத்தலும் அவசியம்.

9. சிறு பெட்ரோல் எஞ்சின்கள்

மருந்து தெளிக்கும் கருவிகளிலும், புல்வெளி வெட்டும் வண்டிகளிலும் உள்ள பெட்ரோல் எஞ்சின்களுக்கும் இதே வரிசை பொருந்தும். இவற்றில் பொறிபிளக்கு ஒன்று கூடுதலாக உண்டு. அதில் கரி படிந்தாலும், முனைகளின் இடைவெளி அகன்றாலும் பலம் குன்றும். மாதக்கணக்கில் தொட்டியில் விட்ட பெட்ரோல் பிசின்போல் இறுகிக் கார்புரேட்டரின் நுண்துவாரங்களை அடைத்துவிடும். ஆகையால் பருவம் முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து வைக்கவேண்டியது.

முடிவுரை

எஞ்சின் நன்றாயிருக்கும் காலத்தில் அதன் கணக்கை எழுதிவைத்தவருக்கே, அது கெடும்போது குறை எவ்வளவென்று விளங்கும். கொட்டகைச் சுவரில் ஒரு சிறு புத்தகத்தைத் தொங்கவிட்டு, மாதமொருமுறை நான்கு விவரங்களைக் குறிக்கவேண்டியது: பீப்பாய் நிரம்பும் வினாடிகள், எஞ்சினின் வேகம், ஒரு மணிக்குச் செலவாகும் எண்ணெய், புகையின் நிறம். நல்ல நிலையிலுள்ள எஞ்சின் குதிரைச் சக்தி ஒன்றுக்கு மணிக்கு ஏறத்தாழ கால் லிட்டர் எண்ணெய் கொள்ளும். முழுப்பாரத்தோடு ஓடும் 5 குதிரைச் சக்தி எஞ்சினுக்கு ஒன்றேகால் லிட்டர். இதற்கு மிஞ்சிச் செலவானால், நீர் குறைவதற்கு முன்னரே எச்சரிக்கை கிடைத்துவிடும். எஞ்சினை வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கங்கள் ஒவ்வோர் எஞ்சினுக்கும் இத்தகைய புத்தகம் வைத்தால், அது யார் கையில் எப்போது கெட்டதென்னும் வழக்கும் எழாது.

பாரம், புகை, காற்று, எண்ணெய், அமுக்கம் என்னும் இவ்வரிசையை மாற்றாமல் சோதிப்பவர் பெரும்பாலும் முதல் நான்கிலேயே குறையைக் கண்டுபிடித்துவிடுவார். ஐந்தாவது வரை சென்று மெக்கானிக்கை அழைக்க நேர்ந்தாலும், எந்தெந்தக் குறை இல்லையென்று அவரிடம் தெளிவாகச் சொல்லலாம். பயிர் வாடும் நாளில் அதுவே ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.